விமானத்தின் நிழலும் ஆற்றின் ஆழமும்

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் தஞ்சாவூர்ப் பிள்ளைகள். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்கு அதைப் பெருமையாகச் சொல்வோம். பரீட்சையிலோ, ஒளி நேர்கோட்டில் செல்லும், மறித்தால் நிழல் விழும் என்று எழுதி மார்க் வாங்குவோம். இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அறிவியல் சார் ஒருநாள் கரும்பலகையில் சூரியன், தென்னை, ஒரு பையன் மூன்றையும் வரைந்தார். பையனுக்குத் தென்னை எப்படித் தெரிகிறது, அம்புக்குறி போடுங்கள் என்றார். பாதி வகுப்பு பையனின் கண்ணிலிருந்து தென்னைக்கு அம்பு விட்டது. சார் சிரிக்கவில்லை. கிரேக்கத்து யூக்ளிடும் இப்படித்தான் நினைத்தார், நம் நியாய சாத்திரக்காரர்களும் கண்ணிலிருந்து கதிர் போவதாகத்தான் சொன்னார்கள் என்றார்.

பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று வாதாடிப் பெருநூல் எழுதியவர் கெய்ரோவில் இருந்த இப்னு அல் ஹைதம். அந்த நூல் 1011-க்கும் 1021-க்கும் இடையில் எழுதப்பட்டது என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு மறுபடி விமானம்தான் நினைவுக்கு வந்தது. ராஜராஜன் அதன் உச்சிக்குக் கலசம் கொடுத்தது 1010-இல்.

மார்கழி உச்சிவேளை ஒன்றில் சார் எங்களை அங்கே கூட்டிப்போனார். விமானத்துக்கு வடக்கே, சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்த கல்தளம் ஓர் இடத்தில் சட்டென்று சில்லிட்டது. நிழலின் ஓரம் அது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தெற்கே சுமார் 34 பாகை சாய்ந்திருக்கும். 216 அடி உயரத்துக்கு நிழல் அடித்தளத்தைத் தாண்டி ஏறக்குறைய 100 அடி நீளும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், அந்த நண்பகல்களில் நிழல் விமானத்தின் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். கதை அங்கிருந்துகூடக் கிளம்பியிருக்கலாம்.

திரும்பும் வழியில் புது ஆறு. மார்கழித் தண்ணீர் தெளிந்து ஓடியது. கடைசிப் படி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. சார் கழியை விட்டுக் காட்டினார். நீரைவிட்டு வெளியே வரும் ஒளி மேற்பரப்பில் வளைகிறது. கண்ணோ அது நேராக வந்ததாக எடுத்துக்கொள்வதால் தரை மேலெழும்பித் தெரிகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடி போலிருக்கும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு.

நிழல் விழாது என்பது பாராமல் நம்பியது. ஆழம் இவ்வளவுதான் என்பது பார்த்து நம்புவது. முதலாவதால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது உயிரை வாங்கும். மேட்டூர் திறந்து ஆறுகளில் தண்ணீர் வரும் மாதங்களில், ஒளிவிலகல் பாடத்தைப் படித்துறையில் நின்று, கழியால் ஆழம் அளந்து காட்டியே பிள்ளைகளுக்கு நடத்துங்கள்.