எந்தத் தமிழில்

கதை எழுதப் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடியது ஏதாவது உண்டா என்ற கேள்வி சிறுபத்திரிகை வட்டாரத்தில் வெகுநாளாக இருந்து வருகிறது. உண்டு என்பவர்கள் பயிற்சி நூல்களைக் காட்டுகிறார்கள். இல்லை என்பவர்கள் பிறவி, வாசனை, அனுபவம் என்று ஏதாவது சொல்லிக் கையை விரித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டு பேச்சும் உதவவில்லை. எழுத உட்கார்ந்தபோது எனக்கு முன்னால் வந்து நின்ற சிக்கல் கதைக் கரு பற்றியதாகவோ உருவம் பற்றியதாகவோ இருக்கவில்லை. எந்தத் தமிழில் எழுதுவது என்பதாக இருந்தது.

ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த பயிற்சி நூல்களில் இதற்கு இடமில்லை. பாத்திரம், முரண், பார்வைக் கோணம், முடிவு என்று அவை அத்தியாயம் பிரித்துப் போகின்றன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தமிழில் எழுதுகிறவன் முதல் வாக்கியத்திலேயே, அந்த அத்தியாயங்களுக்கெல்லாம் முன்பாகவே, ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது. ‘போனான்’ என்பதா, ‘சென்றான்’ என்பதா? வீட்டில் ஒருவரும் பேசாத தமிழில் எழுதக் கற்றிருக்கிறோம். அழுவது, சண்டை போடுவது, கத்தரிக்காய்க்கு விலை பேசுவது எல்லாம் வேறொரு தமிழில். இந்த இடைவெளி புதிதில்லை. தொல்காப்பியர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் சேர்த்து வைத்துத்தான் இலக்கணம் செய்தார். திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடமும் கொடுத்தார். ‘சென்றான்’ மட்டுமே எழுதத் தகுந்தது என்ற எண்ணம் நமக்குப் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில் ஏறியது.

நான் கற்றுக்கொண்டது படியெடுத்து. நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகங்களிலிருந்து எனக்குப் பிடித்த கதைகளை நோட்டில் கையால் எழுதிப் பார்ப்பேன். கண் தாண்டிப் போகிற இடத்தில் கை நின்றுவிடும். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் சாவு தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. பேச்சில் திருநெல்வேலி வழக்கு. சொல்லிக்கொண்டு போகிற குரலோ வறட்சியாக, சற்று விலகி நிற்கிறது. அந்த விலகல்தான் துக்கத்தைத் தாங்குகிறது என்று படியெடுத்தபோது தெரிந்தது. 1942-ல் வந்த ‘நாகம்மாள்’ நாவலில் ஆர். சண்முகசுந்தரம் கொங்குப் பேச்சைப் பாத்திரங்களின் வாயில் துணிந்து வைத்தார். 1976-ல் ‘கோபல்ல கிராமம்’ வந்தபோது கி. ராஜநாராயணன் சொல்லும் குரலையே திண்ணைக்கு அழைத்து வந்துவிட்டார். மௌனியின் தமிழ் எந்த ஊரிலும் எவரும் பேசாதது, பாடநூலிலும் இல்லாதது. அவருடைய மனிதர்களின் மனநிலைக்கு வேறு தமிழ் போதாது. ஆக நான்கு பேர், நான்கு விடைகள். விதி என்று எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. கேள்வி பொதுவானது என்பது மட்டும் உறுதிப்பட்டது.

தமிழில் நமக்கு வாய்த்திருக்கும் ஒரு வசதியையும் படியெடுக்கும்போதுதான் கவனித்தேன். ஆங்கிலத்தில் ஒருவன் சொன்னதைக் கதைசொல்லி தன் வாயால் சொன்னால், அவனுடைய ‘நான்’ ‘அவன்’ ஆகிவிடும். காலமும் பின்னுக்கு நகரும். தமிழிலும் ‘வரப்போவதாகச் சொன்னான்’ என்று எழுதலாம்தான், ஆனால் கட்டாயமில்லை. ‘என்று’ இருக்கிறது. நாளைக்கு வருகிறேன் என்றான். மேற்கோள் குறியை எடுத்துவிட்டாலும் வாக்கியம் கெடுவதில்லை, பேசியவனின் ‘நான்’ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘என்று நினைத்தாள்’ என்பதையும் தக்க இடத்தில் எடுத்துவிட்டால் நினைப்பு மட்டும் பக்கத்தில் தனியே நிற்கும். யாருடையது என்பது வாசகனுக்குத் தெரியும். இரண்டு தமிழையும் இணைக்கிற கீல் இந்தச் சின்னச் சொல்.

கீல் இருந்தால் போதாது. எந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் வருகிற கேள்வி. ஒரு உதாரணம். என் ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். தாத்தா இறந்த பதினேழாம் நாள், வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, விடியற்காலையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ‘இனி யாருக்கு வெந்நி போட?’ என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு இந்த ஒரு வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ‘இனி யாருக்கு வெந்நீர் வைப்பேன்?’ என்று எழுதினால் நாடக மேடைக் கைம்பெண் வந்து நிற்கிறாள். உச்சரிப்பு முழுவதையும் எழுத்தில் கொண்டுவர முயன்றால் வாசகன் சாவை விட்டுவிட்டு அவள் நாக்கைப் பார்க்கிறான். ‘என்று விம்மினாள்’ என்று போட்டால், அது நடக்காதது. ‘வெந்நி’ ஒன்றை மட்டும் அப்படியே வைத்து, ‘என்றாள்’ என்று நிறுத்தி, அடுத்து அடுப்பின் மேல் இருந்த தவலையைப் பற்றி ஒரு வரி எழுதியபோது ஆச்சி கிடைத்தாள்.

ஏன் என்று யோசித்ததில் தெரிந்தது, ‘போட’ என்ற சொல்லில் இருந்தது விஷயம். அதற்கு எழுவாய் இல்லை, வினைமுற்றும் இல்லை. எழுத்துத் தமிழுக்கு மாற்றியதும் ‘வைப்பேன்’ என்று ஒரு ‘நான்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆச்சி சொன்ன வாக்கியத்தில் அந்த ‘நான்’ போய்விட்டிருந்தது. அவளுடைய துக்கத்தின் வடிவம் அதுதான். அதை நான் கற்பித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவளுடைய இலக்கணத்திலேயே இருந்தது.

பேச்சை அப்படியே எழுதிவிடலாம் என்பதும் சாத்தியமில்லை. ‘வந்தான்’ என்பதன் கடைசி ஒலியை நாம் மூக்கால் இழுத்துச் சொல்கிறோம். அதற்கு எழுத்துக் கிடையாது. பேச்சுத் தமிழுக்கு நிலைத்த எழுத்துக்கூட்டல் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தாளனும் தனக்கென்று ஒன்று செய்துகொள்கிறான். காதை ஊர்ப்பக்கம் திருப்ப ஒன்றிரண்டு சொற்கள் போதும்.

இதில் நியாயம் பற்றிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. பிற்பாடு புதியவர்களின் கைப்பிரதிகளைப் படிக்கும் வேலை எனக்கு வாய்த்தது. அவற்றில் வாத்தியாரும் அதிகாரியும் அச்சுத் தமிழில் பேசுவார்கள். பாத்திரம் தேய்க்கிறவளும் வண்டிக்காரனும் மட்டும் ‘கொச்சை’ பேசுவார்கள். அந்த வாத்தியார் தன் வீட்டில் என்ன பேசுகிறார்? எழுதியவர் தன் வீட்டில் என்ன பேசுகிறார்? தன் வீட்டுத் தமிழை மறைத்துவிட்டு அடுத்தவன் வீட்டுத் தமிழை மட்டும் மேற்கோள் குறிக்குள் நிறுத்துகிறவன், தான் எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறான் என்பதைத் தெரியாமலே சொல்லிவிடுகிறான். கருவும் உருவமும் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் கதை அங்கேயே பொய்த்துப்போகிறது.

இன்று எழுத வருகிற பையன்களும் பெண்களும் கைபேசியில் பேச்சுத் தமிழைத் தினமும் எழுதுகிறவர்கள், பலர் ஆங்கில எழுத்தில். எங்கள் தலைமுறைக்கு இருந்த கூச்சம் அவர்களுக்கு இல்லை. அதனால் கேள்வி தீர்ந்துவிட்டதாகத் தோன்றவில்லை. கதை என்று எழுத உட்கார்ந்தவுடன் அவர்களில் பலரும் ‘சென்றான்’ என்றே தொடங்குகிறார்கள். அதை அடிக்கச் சொல்வதில்லை. இதை யார் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன். பதில் வர நேரமாகும். காத்திருக்கலாம்.