முதல் நூல் எது?

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தார் நன்னூலார். அப்பாகுபாடு நூல் தோன்றிய முறைபற்றியது. எதனை முதலிற் படிப்பது என்பதோ கற்பவரின் வினா. புதியதொரு துறையுட் புகுவோர்க்கு அவ்வினா சிறியதன்று.

செயற்கை நுண்ணறிவு கற்க விழைந்த கலைப்பீட மாணவி ஒருத்தி, ரசலும் நோர்விக்கும் எழுதிய பெருநூலையே முதலிற் கையிலெடுத்தாள். 1995இல் முதற் பதிப்பும் 2020இல் நான்காம் பதிப்பும் கண்ட அந்நூல் ஆயிரம் பக்கங்களை விஞ்சியது. அதனை மேசைமீது வைத்திருப்பதே அவளுக்குப் பெருமிதமாயிருந்தது. எட்டு இராணிகளைச் சதுரங்கப் பலகையில் ஒன்றையொன்று வெட்டாவண்ணம் வைக்கும் புதிரை அதிற் படித்தாள், விளங்கியதென்றும் நம்பினாள். அதனைக் கணனியில் எழுதிக் காட்டும்படி தோழி கேட்டபோது ஒரு வரிதானும் எழுத வரவில்லை.

குறை நூலினுடையதன்று. கணனியியலின் அடிப்படைகளை அறிந்தோர்க்கே அது எழுதப்பட்டது. முன்னுரையே அதனைக் கூறுகின்றது. அவள் முன்னுரையைப் படித்தாளில்லை. கணிதத்தைச் சாதாரண தரத்தோடு கைவிட்ட தனக்கு இத்துறை வாய்க்காது என்றே முடிவு செய்தாள். பொருந்தாத நூலைத் தேர்ந்தவர் நூலை ஐயுறுவதில்லை, தம்மையே ஐயுறுகின்றனர். தேர்வின் ஆபத்து இதுவே.

பின்னர், ஏபல்சனும் சஸ்மனும் 1985இல் வெளியிட்ட நிரலாக்க நூல் கிட்டியது. அதுவும் எளிதன்று, ஆயினும் சில்லறை மாற்றும் வழிகளை எண்ணுதல் போன்ற சிறு கணக்குகளால் அது கற்பவரைத் தொடக்கத்திலேயே எழுத வைக்கின்றது. அங்கும் எட்டு இராணிகள் பயிற்சியாக வந்தன. பல மாலைகள் தவறிய பின், அவளது நிரல் 92 என்னும் சரியான விடையைத் தந்தது.

அதன்பின் பெருநூலுக்கு மீண்டாள். பத்து இலட்சம் இராணிகளையும் விரைந்து அமைக்கும் முறையை அது விளக்கும் இடம் அப்போதுதான் வியப்பளித்தது. எட்டின் அருமையை அவள் கை அறிந்திருந்தது.

கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் பொறிகள் இன்று உள. அவை தருவது சரிதானா எனச் சோதிக்க வல்லார்க்கே அவற்றாற் பயனுண்டு. ஆதலின் முதல் நூல் புகழ்மிக்கதாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. கற்பவரின் கையை எழுதப் பழக்குவதாயின் அதுவே போதுமானது.