பாட்டில் விலையும் கூலிக் கணக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு செட் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அன்பாக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடுவது பற்றிப் போன வாரம் பேச்சு ஓடியது. கூடுகிற பேச்சு எப்படியோ விஸ்கி பேச்சாகிவிட்டது. சிங்கப்பூரில் இருப்பவர் ஒரு விலை போட்டார். துபாய்க்காரர் ஒன்று, லண்டன்காரர் ஒன்று, ஒசாகாவில் வேலை பார்ப்பவர் ஒன்று. எல்லாவற்றையும் ரூபாயில் மாற்றி, "நம்ம ஊர்லதான்டா கொள்ளை" என்று உள்ளூர்க்காரர் முடித்தார். பிறகு யாரோ "டேய், சார் இருக்காருடா" என்று போட, கொஞ்ச நேரத்தில் பாதிச் செய்திகள் காணாமல் போய்விட்டன.

அழித்திருக்க வேண்டாம் பிள்ளைகளே. எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது, ஆனால் கணக்குப் பழக்கம் உண்டு. நீங்கள் போட்ட கணக்கு தப்பாக இருந்தது. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

முதலில் அலகு. ஒப்பிட வேண்டுமானால் அலகு ஒன்றாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! விமான நிலையத்தில் விற்பது பெரும்பாலும் 1 லிட்டர் பாட்டில். லண்டன், சிங்கப்பூர், ஜப்பான் கடைகளில் பெரும்பாலும் 700 மில்லி. நம் ஊரில் ஃபுல் என்றால் 750, குவாட்டர் என்றால் 180. சாராயச் சத்தும் வேறு வேறு. வெளிநாட்டுப் பாட்டிலில் பொதுவாக 40 சதவீதம், நம் ஊர்ச் சரக்கில் 42.8 சதவீதம். அப்படியானால் 700 மில்லி பாட்டிலில் உள்ள சுத்த ஆல்கஹால் 280 மில்லி. நம் குவாட்டரில் 77 மில்லி. அந்த ஒரு பாட்டில், நம் கணக்கில் மூன்றரைக்குச் சற்று மேற்பட்ட குவாட்டருக்குச் சமம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

இரண்டாவது, வரி. ஸ்காட்லாந்தில் ஒரே ஆலையில் நிரப்பிய ஒரே பாட்டில் நாட்டுக்கு நாடு வேறு விலைக்கு விற்பதற்குப் பெரிய காரணம் இதுதான். 700 மில்லி, 40 சதவீதப் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் அதன் மேல் மதுவரி 280 யென், ஏறத்தாழ 160 ரூபாய். பிரிட்டனில் 2025 பிப்ரவரி நிலவரப்படி ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 32.79 பவுண்டு என்ற கணக்கில் 9 பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது 1,000 ரூபாய்க்கு மேல். சிங்கப்பூரில் லிட்டருக்கு 88 வெள்ளி, ஆக நம் பாட்டிலுக்கு 24 வெள்ளி 64 காசு, 1,600 ரூபாய்க்கு மேல். இவற்றுக்கு மேல் ஜப்பானில் 10, பிரிட்டனில் 20, சிங்கப்பூரில் 9 சதவீதம் பொது விற்பனை வரி. ஒசாகாக்காரர் விலையைப் பார்த்துச் சிங்கப்பூர்க்காரர் பெருமூச்சு விட்டதன் ரகசியம் இவ்வளவுதான். துபாயில் மதுவுக்கு இருந்த 30 சதவீத வரியை 2023 ஜனவரியில் நிறுத்தி வைத்தார்கள், 2025 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள். பாட்டில் மாறவில்லை, விலை மட்டும் இறங்கி ஏறியது.

நார்வேயில் 1922 முதல் அரசுக் கடைதான். வரி மிக அதிகம். அதனால் அங்குள்ளவர்கள் எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போய் வாங்கி வருகிறார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் கப்பலேறி எஸ்டோனியாவுக்குப் போகிறார்கள். சிரிக்காதீர்கள், நம் ஆட்கள் காரைக்காலுக்குப் பஸ் ஏறுவதும் இதே கதைதான். இந்தியாவில் மது ஜி.எஸ்.டி.க்குள் வராது. ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைப் போட்டுக்கொள்கிறது. அதனால் பாட்டில் விஷயத்தில் திருவாரூரும் காரைக்காலும் இரண்டு நாடுகள் மாதிரி.

பிரிட்டன் ஒப்பந்தத்தால் ஸ்காட்ச் பாதி விலைக்கு வரும் என்றும் ஒருவர் செய்தி பகிர்ந்திருந்தார். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது உண்மை. 150 சதவீத இறக்குமதி வரி 75 ஆகி, பத்தாவது ஆண்டில் 40 ஆகும் என்பதும் உண்மை. ஆனால் அந்த வரி துறைமுகத்தில் வந்து இறங்கும் மதிப்பின் மீது போடுவது. மாநில வரி, கடை லாபம் எல்லாம் அதற்குப் பிறகு சேருகிறது. வரி பாதியானால் விலை பாதியாகாது. ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்கு!

இப்போது முக்கியமான மூன்றாவது கணக்கு. ரூபாயாக மாற்றிப் பார்ப்பது ஊரில் நின்றுகொண்டு பார்க்கும் பார்வை. அங்கே சம்பாதித்து அங்கே வாங்குகிறவனுக்கு ரூபாய் எதற்கு? எத்தனை மணி நேரம் உழைத்தால் அந்தப் பாட்டில் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் முதல் ஒரு சட்டம் இருக்கிறது. மதுவை ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. 2024 செப்டம்பர் இறுதியில் அந்த அளவை உயர்த்தினார்கள். இப்போது நம் கணக்குப் பாட்டிலை 18.20 பவுண்டுக்குக் குறைத்து விற்க முடியாது. 2025 ஏப்ரல் நிலவரப்படி அங்கே 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வகுத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேர வேலை.

நம் ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு சாதாரண ரக குவாட்டர் 140 ரூபாய். அதே அளவு ஆல்கஹாலுக்கு மூன்றரைக்கு மேற்பட்ட குவாட்டர் என்றேனே, பெருக்கினால் சுமார் 510 ரூபாய். நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். இதையும் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை நாள்.

அங்கே ஒன்றரை மணி, இங்கே ஒன்றரை நாள். கொத்தனார் கூலி 900 என்று வைத்துக்கொண்டாலும் அரை நாளுக்கு மேல் போகிறது. ரூபாயில் மாற்றினால் ஸ்காட்லாந்துப் பாட்டில் 2,000 ரூபாயைத் தாண்டும், நம்முடையது மலிவு என்று தோன்றும். உழைப்பில் மாற்றினால் உலகத்திலேயே விலை உயர்ந்த சரக்குகளில் ஒன்றை நம் சித்தாளும் கொத்தனாரும்தான் குடிக்கிறார்கள்.

"அவ்வளவு விலை என்றால் குடி குறைய வேண்டுமே சார்?" என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தில் கொஞ்சம் குறைந்தது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை விட, மதுவால் நேரும் சாவுகள் 13.4 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு 2023இல் கணக்கிட்டது. ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் அந்தப் பலன் அதிகம் தெரிந்தது. இன்னொன்றையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். குடிக்கு அடிமையாகிவிட்ட சிலர் பாட்டிலைக் குறைக்கவில்லை. சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதை எனக்கு எந்த ஆய்வும் இல்லாமல் சொன்னவன் ஒருவன் இருக்கிறான். உங்கள் செட்தான். பெயர் வேண்டாம். அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கொத்தனார் வேலை. குடியை விட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. சாயங்காலம் கடைப்பக்கம் கால் போகும் நேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறான். ஒரு டம்ளர் டீ, கொஞ்சம் பேச்சு, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போவான். ஒருநாள் சொன்னான்: "வாரத்துல ஆறு நாள் வேலைன்னா ரெண்டு நாள் கூலி கடைக்குத்தான் சார். வெலை ஏத்துனப்ப நான் குடிக்கிறத நிறுத்தல. வீட்டுக்குக் குடுக்குறதத்தான் நிறுத்துனேன்."

அவன் மனைவியும் என் மாணவிதான். அந்த இரண்டு நாள் கூலியை ஈடுகட்ட அவள் நடவுக்கும் களை எடுக்கவும் போனாள். ஆக, பாட்டிலின் விலையை அவன் மட்டும் கொடுக்கவில்லை.

அரசுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. இந்த நாட்டிலேயே அதுதான் முதல். குடியை நிறுத்த வந்த வரி நின்றுவிட்டது, குடியும் திரும்பி வந்துவிட்டது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2024-25இல் மதுவால் கிடைத்த வரி வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். பூரண மதுவிலக்கு வேண்டும் என்று நான் இங்கே வாதாட வரவில்லை. ஸ்வீடனிலும் அரசுதான் விற்கிறது. ஆனால் அங்கே ஞாயிறு கடை கிடையாது, இருபது வயது ஆகாதவருக்குக் கிடையாது, தள்ளுபடி கிடையாது. குடியைக் குறைப்பதற்காக ஒரு அரசு கடை நடத்துவதும், கஜானாவுக்காக நடத்துவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பலகைதான். இந்த 48,000 கோடியில் குடியிலிருந்து மீட்கும் சிகிச்சைக்கு எத்தனை போகிறது என்று வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேளுங்கள்.

என்னால் உங்களிடம் கேட்க முடிந்தது ஒன்றே ஒன்று.

வெளிநாட்டிலிருந்து வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று சட்டம் இருக்கிறது. கொண்டுவருவது உங்கள் விருப்பம். உங்களுக்கு அது இரண்டு மூன்று மணி நேரச் சம்பளம். பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி, நண்பனுக்கென்று ஆசையாகத்தான் எடுத்து வருகிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பொங்கலுக்குக் கூடும்போது அந்தப் பாட்டில் அங்கே வர வேண்டாம். "ஃபாரின் சரக்குடா, இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்று யாரும் யாருக்கும் ஊற்ற வேண்டாம். இலவசமாகக் கொடுக்கும் அந்த ஒரு பெக்குக்குப் பதினொரு மாதம் விலையாகப் போகும். அவன் வர மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். "நீ வா, நான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கூடும் அன்று மதியச் சாப்பாடு என் பொறுப்பு. எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள், இலை வாங்க வேண்டும். கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் கமெண்டில் போடுங்கள். அழிக்காதீர்கள்!

என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் கணக்கு சார்