குருதி கேட்டுச் சென்ற தெரு

தொண்டு என்ற சொல், தோழர்களே, மலிவாகிவிட்டது. மாலைக்கு ஏங்குபவரும் மேடைக்கு ஏங்குபவரும் அதனைத் தம் பெயருக்கு முன்னே ஒட்டிக்கொள்கின்றனர். நான் எழுதவந்தது அந்தத் தொண்டினைப் பற்றியன்று; வீடு வீடாகச் சென்று குருதி கேட்ட தொண்டு!

1969-இல், காந்தியார் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். வரலாறு பயின்ற நாளில் நானும் அதில் சேர்ந்தேன். ஆண்டுக்கு 120 மணி நேர உழைப்பு, 7 நாள் முகாம், முடிவில் ஒரு சான்றிதழ். சான்றிதழுக்காகவே சேர்ந்தவர் பலர். அவர்களை நான் பழிக்கமாட்டேன். வந்தவரை வேலை வளைத்துவிடும்.

வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தாலே குரல் எழாதவள் நான். எனக்குத் தந்த பணியோ, கல்லூரி தத்தெடுத்த சிற்றூரில் குருதிக்கொடைக்கு ஆள் சேர்ப்பது!

"ரத்தம் கொடுத்தா உடம்பு தேஞ்சு போகாதா?" என்றனர் தாய்மார். வயது 18, எடை 45 கிலோ இருப்பின் போதும். எடுப்பது 350 மில்லி லிட்டர். உடலில் ஓடுவதோ ஏறத்தாழ 5 லிட்டர். குறைந்த நீர் ஓரிரு நாளில் ஊறும், செவ்வணுக்கள் சில வாரங்களில் பெருகும் என்றேன். முதல் வீட்டில் நடுங்கிற்று நா. பத்தாவது வீட்டில் நடுக்கம் இல்லை.

பதினோராவது வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர். உடல் தேய்வது பற்றி அவருக்குக் கவலை இல்லை. "ஏம்மா, எந்தத் தெரு ரத்தம்னு பாத்துத்தானே ஏத்துவாங்க?" என்றார்.

கேட்டீரா கேள்வியை! மனுவின் ஏடு மக்களை நான்காகப் பிரித்தது. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தொடங்கி, அடுத்த ஆண்டே அவரைச் சார்ந்தோர் நிறைவு செய்த ஆய்வும் குருதியில் நான்கு வகையே கண்டது: ஏ, பி, ஏபி, ஓ. ஆயினும் இந்த நான்கும் எல்லாத் தெருவிலும் உண்டு! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர்க்கே வகை வேறாகலாம். சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் ஒன்றாகலாம்.

இதனை அவரிடம் முழங்கவில்லை. "ஐயா, பையின்மேல் வகை எழுதியிருக்கும், தெரு எழுதியிருக்காது. உங்கள் வீட்டுக்கு ஓர் ஆபத்தென்றால் எதைப் பார்ப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் விடை கூறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

பட்டம் எனக்குப் பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளைத் தந்தது. எதிர்த்துக் கேட்பவர்முன் குரலை உயர்த்தாமல் நிற்கும் துணிவைத் தந்தது அந்தத் தெரு. இன்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஏன் ஐயம் கொள்ளக்கூடாது?" என்று கேட்கும்போது, எனக்குக் கைகொடுப்பது பின்னதுதான்.

முகாம் நாளன்று பெரியவரின் பேத்தி வந்தாள். எடை 43 கிலோ, திருப்பிவிட்டார் மருத்துவர். அவள் வீடு திரும்பவில்லை; மாலைவரை எங்களோடு அமர்ந்து பெயர் எழுதினாள். மறு ஆண்டு எடைக்கருவி 46 காட்டிற்று. பெரியவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், கையில் அவளுக்கு வாங்கிய இளநீரோடு.