கப்பலில் இரு கதவுகள்

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெற் ஆகிய துறைகளுக்குச் சென்று மீளும் நான்கு இரவுக் கப்பற் பிரயாணம் ஒன்று எமக்கு வாய்த்தது. பல ஆண்டுச் சேமிப்போடு மைத்துனரின் உதவியும் சேர்ந்தமையாற் கைகூடிய வாய்ப்பு அது. புறப்பட்டோர் நால்வர்: நாம், எமது இல்லாள், 17 வயதும் 14 வயதும் நிரம்பிய புதல்வியர் இருவர். கடலைக் காணுமுன்னரே வீட்டில் ஒரு புயல் எழுந்தது. அறை ஒன்றா, இரண்டா என்பதே அப்புயலின் காரணம்.

ஒன்றே போதும் என்பது எமது கட்சி. கப்பற் கட்டணம் அறைக்கு இருவர் என்னும் கணக்கில் ஆளுக்கு இவ்வளவென்று விதிக்கப்படுவது. அதே அறையில் மூன்றாமவராகவும் நான்காமவராகவும் தங்குவோர்க்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. இரண்டு அறை எடுப்பின் நால்வர்க்கும் முழுக் கட்டணம். ஆசிரியர் ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் இது சிறிய வேறுபாடன்று.

ஆயினும், பிரயாண முகவர் காட்டிய படத்தைக் கண்டதும் இல்லாள் தலையை அசைத்தார். சாளரமற்ற சிற்றறை, தரையில் இரு கட்டில்கள், இரவில் மேலிருந்து இறக்கும் படுக்கைகள் இரண்டு, நால்வர்க்கும் ஒரே குளியலறை. வளர்ந்த பெண்பிள்ளைகள் உடைமாற்ற வேண்டுமெனின் தந்தை வெளியே நடைவழியில் நிற்க வேண்டியதுதான்.

மூத்தவள் மெல்லச் சொன்னாள்: “அப்பா, நானும் தங்கச்சியும் பக்கத்து அறையில இருக்கிறம். திறப்பை எங்களிட்டத் தாங்கோ.”

நாம் மறுத்தோம். கல்லூரி மாணவர் விடுதியில் எட்டாண்டுகள் பொறுப்பாளராயிருந்து, இரவு 10 மணிக்குக் கதவு கதவாகத் தட்டி ஆட்கணக்கு எடுத்த கை எமது கை. அக்கையால் மகளிடம் திறப்பைக் கொடுப்பது எங்ஙனம்? இல்லாள் ஒரே வார்த்தையில் எம் வாயை அடைத்தார்: “இஞ்சருங்கோ, அவள் நாளைக்குப் பல்கலைக்கழகம் போனால், அங்கையும் போய் வாசலில காவல் இருக்கப் போறீங்களோ?”

இரண்டு அறை என்று முடிவாயிற்று. எனினும் பிள்ளைகளைத் தனியறையிற் பதிவு செய்வது நினைத்த அளவு எளிதன்று. அறைதோறும் வயதுவந்தவர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது பல கம்பனிகளின் விதி. அவ்வயது கம்பனிக்கும் புறப்படும் துறைக்கும் ஏற்ப 18 என்றும் 21 என்றும் வேறுபடும். பெற்றோரின் அறை அடுத்ததாக இருப்பின் அவ்விதியைத் தளர்த்துவோரும் உளர். இரண்டறைக்கும் இடையே உட்கதவு உள்ள அறைகளே மிகச் சிறந்தவை. ஆனால் அவை சிலவே ஆதலின் முந்தியே விலைப்பட்டுவிடும். நாம் விசாரித்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரே நடைவழியில் அடுத்தடுத்த இரு அறைகளே கிடைத்தன.

“தாயும் ஒரு மகளும் ஓர் அறை, தந்தையும் மறு மகளும் ஓர் அறை என்று எழுதிவிட்டு, ஏறியபின் மாறிக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் யோசனை கூறினார். பலர் அவ்வாறு செய்வதுண்டு. கம்பனியைக் கேளாமல் அங்ஙனம் செய்ய நாம் விரும்பவில்லை. ஆபத்து வேளையில் ஒன்றுகூட வேண்டிய இடம் அறையை ஒட்டியே குறிக்கப்படுகின்றது. எவர் எவ்வறையினர் என்பதில் குழப்பம் நேரின், ஆபத்திலே தேடுவோர் திகைப்பர் அன்றோ? எம் வேண்டுகோளின்பேரில் பிள்ளைகளின் பெயர்கள் அவர்கள் உறங்கும் அறைக்கே பதியப்பட்டன.

2012 இல் திறக்கப்பட்ட மரினா பே கப்பல் நிலையத்தில் ஏறியதும் முதல் வேலை அப்பயிற்சியே. அதே ஆண்டு சனவரி 13 ஆந் திகதி இத்தாலியக் கரையோரம் கொஸ்தா கொன்கோடியா என்னும் கப்பல் பாறையில் மோதி 32 உயிர்கள் மாண்டன. அன்று ஏறிய பலர்க்கு இப்பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தல் வேண்டும் என்னும் சர்வதேச விதி 2015 முதல் நடைமுறையில் உள்ளது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் எழும்பின் அதுவே அபாய அறிவிப்பு.

அன்று மாலை நாங்கள் நால்வரும் நான்கு விதிகள் வகுத்தோம். யார் என்று கேளாமற் கதவு திறத்தலாகாது. இரவு 10.30க்கு அறையில் இருத்தல் வேண்டும். அபாய ஒலி கேட்டால் ஒருவரை ஒருவர் தேடி ஓடாமல் குறித்த இடத்துக்கே செல்லல் வேண்டும். எங்கு சென்றாலும் ஒரு கடதாசி எழுதி மற்றவர் கதவின்கீழ்த் தள்ளல் வேண்டும். நடுக்கடலிற் கைத்தொலைபேசி பணங்கட்டினாலன்றிப் பயன்படாது.

பினாங்கிலே தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் பிள்ளைகள் விரைந்தேறி, உச்சியில் எமக்காகக் காத்து நின்றனர். அங்கிருந்து ஊரையும் கடலையும் பார்த்தபோது ‘இரஜுலா’ என்னும் பழைய கப்பல் நினைவில் வந்தது. 1926 முதல் சுமார் அரை நூற்றாண்டு சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஓடிய கப்பல் அது. அதன் தளத்திலே பாய் விரித்துப் படுத்துச் சென்ற ஆயிரமாயிரம் தமிழர்க்குக் கதவு என ஒன்று இருந்ததில்லை. நாமோ இரண்டு கதவுக்கு வழக்காடினோம்!

அன்றிரவு கப்பல் பினாங்கை விட்டு அகன்றது. இல்லாளுக்குத் தலைச்சுற்று, படுத்துவிட்டார். நாமும் சற்றுக் கண்ணயர்ந்து விழித்தபோது மணி 10. பழைய பழக்கம் விடுமா? அடுத்த கதவைத் தட்டினோம். விடையில்லை. மீண்டும் தட்டினோம். நெஞ்சு அடித்துக்கொண்டது. உணவுமண்டபம், நீச்சற் குளம், படிக்கட்டுகள் எங்கும் ஓடினோம். கடலை நோக்கும் ஒவ்வொரு கம்பித் தடுப்பும் எமக்கு அன்று தாழ்வாகவே தோன்றியது. பிள்ளைகளைக் காணோம் என்று அலுவலகத்தில் முறையிடச் செல்லுமுன் மேற்றளத்தை ஒருமுறை பார்ப்போம் என ஏறினோம்.

இருவரும் அங்கே இருக்கைகளில் அமர்ந்து, தொலைவில் மினுங்கும் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தனர். எமது கோலத்தைக் கண்டு மூத்தவள் எழுந்தாள்.

“அப்பா, கடதாசி பார்க்கேல்லையோ?”

கையிலிருந்த மணிக்கூடு 10.20 காட்டியது. ஏசுவதற்கென்று திரட்டி வந்த சொற்கள் யாவும் தொண்டையில் நின்றுவிட்டன. “இன்னும் பத்து நிமிஷம் கிடக்குத்தானே, இருங்கோ” என்று கூறி நாமும் பக்கத்தில் அமர்ந்தோம்.

அறைக்கு மீண்டு விளக்கைப் போட்டபோது வாசலின் உட்புறத்திலே கடதாசி கிடந்தது. “மேற்றளம் போறம். 10.30க்கு வருவம்.” அதன்மேல் எமது செருப்பின் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. விதியைப் பிள்ளைகள் காத்தனர். வகுத்த நாமே மிதித்துச் சென்றோம்.

பருவமடைந்த பிள்ளைகளோடு கப்பலேறும் அன்பர்க்கு நாம் கூறுவது இதுவே: கையிற் பொருள் இடந்தரின் இரண்டு அறை எடுங்கள், அடுத்தடுத்ததாக எடுங்கள், கம்பனியின் வயது விதியை முன்னரே எழுத்திற் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைத் தட்டுமுன் காலடியைப் பாருங்கள்.

ஊர் திரும்பிய மறுவாரம் தச்சரை அழைத்தோம். மூத்தவளின் அறைக்கு அதுகாறும் திரைச்சீலை மட்டுமே இருந்தது. இப்போது அங்கே ஒரு கதவும், உட்புறத்தில் ஒரு தாழ்ப்பாளும் உள்ளன.