பூக்காத வாழை

எங்கள் வீட்டு முன்கூடத்தின் மூலையில் நான்கு ஆண்டுகள் ஒரு செடி பூக்காமலே நின்றது. 2014ஆம் ஆண்டு கொடைக்கானலிலிருந்து திருச்சிக்கு மடியில் வைத்துக் கொண்டுவந்த சொர்க்கப் பறவைச் செடி அது. மலைமேல் ஒரு தோட்டத்தில் அதன் மலரைக் கண்டு மயங்கியிருந்தோம். அலகுபோல் கிடையாக நீண்ட மடல். அதிலிருந்து கொண்டையாய் எழும் செம்மஞ்சள் புல்லிதழ்கள். நடுவே அம்புபோல் ஒரு நீலம். பறவையொன்று தலையைத் திருப்பி நம்மைப் பார்ப்பது போலிருக்கும்.

மலையிலிருந்து வந்த செடியாயிற்றே, எங்கள் ஊர் வெயிலைத் தாங்குமா என்று நாங்களே முடிவுசெய்து, அதை நிழலில், வருவோர் கண்ணில் படும்படி நாற்காலிகளுக்கருகில் வைத்தோம். உள்ளதைச் சொன்னால், அச்சத்தைவிட அழகுக்கே அங்கே இடம் கொடுத்தோம். இலைகள் வந்தன, காம்புகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டு சாய்ந்தன, பூ மட்டும் இல்லை. எரு இட்டுப் பார்த்தோம். பிறகு தொட்டி சிறிதாகிவிட்டதென்று வேரைப் பிரித்துப் பெரிய தொட்டியில் நட்டோம். அது பெரும்பிழை. விரல் பருமனுள்ள அந்தச் சதைப்பற்றான வேர்களைக் கலைத்தால் செடி ஓரிரு ஆண்டுகள் பிணங்கிக்கொள்ளும். வேர்கள் சற்று நெருக்கமாக இருந்தால்தான் நன்கு பூக்கும்.

எங்கள் அன்னையார் அப்போது எண்பதைக் கடந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது. ஒருநாள் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வாழைச் சாதிப்பா. வாழையை யாராவது வீட்டுக்குள்ள வளர்ப்பாங்களா? வெயில்ல வையுங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அன்றுமுதல் அவருக்கு அது 'பூக்காத வாழை'.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது சிரிப்பு அடங்கிற்று. ஒரு காலத்தில் தாவரவியலார் இதனை வாழைக் குடும்பத்திலேயே வைத்திருந்தனர். இன்று தனிக் குடும்பமாகப் பிரித்தாலும் உறவு மாறவில்லை. மலை இதன் தாயகமுமன்று. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடலோரப் புதர்களும் ஆற்றங்கரைகளுமே இதன் பிறப்பிடம். 1773இல் இலண்டனின் கியூ தோட்டத்தை அடைந்த இதற்கு, அரசி சார்லட்டின் பிறந்தகமான ஸ்ட்ரெலிட்சை நினைந்து 'ஸ்ட்ரெலிட்சியா' என்று பெயரிட்டார் ஜோசப் பேங்க்ஸ். அரசியின் பெயர் தாங்கினாலும் வெயிலில் வாழும் செடிதான். நிழலிலும் உயிரோடிருக்கும், ஆனால் பூப்பதற்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது வெயில் வேண்டும்.

2018 தை மாதத்தில் தொட்டியைக் கிழக்கு முற்றத்திற்கு நகர்த்தத் தொடங்கினோம். நிழலில் பழகிய இலை திடீர் வெயிலில் கருகுமாதலால் முதல் வாரம் ஒரு மணிநேரம், அடுத்த வாரம் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனோம். மண்ணின் மேற்பரப்பு காய்ந்த பின்னரே நீர் ஊற்றினோம். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

ஒரு காலையில் தொட்டியை இழுக்கும் ஓசை கேட்டு அன்னையார் அறையிலிருந்து கேட்டார்: "செடிக்கு வெயில் காட்டுறீங்களேப்பா, எனக்கு எப்போ?"

எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. காலை வெயிலில் உட்கார வேண்டுமென்று அவர் எத்தனை முறை கேட்டிருப்பார்! பனி ஆகாது, படியில் தடுக்கும், காற்றுப்படும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லி உள்ளறையிலேயே இருத்தியிருந்தோம். அவரும் வற்புறுத்தியதில்லை. அன்றே அவருடைய பிரம்பு நாற்காலி முற்றத்திற்கு வந்தது.

2019 மார்கழியில் இலைகளுக்கிடையே ஈட்டிபோல் ஒன்று நீண்டது. இலைச்சுருள் என்றே முதலில் எண்ணினோம். அது மெல்லத் தலைசாய்த்து அலகானது. அன்னையார் விரலால் அதன் நுனிவரை தடவினார். "கொத்துமோ?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார். ஒரே மடலுக்குள் பல பூக்கள் அடங்கியிருந்து ஒவ்வொன்றாக வெளிவருமென்று சொன்னபின், காலைதோறும் எண்ணிக்கை கேட்பது அவர் வழக்கமாயிற்று. ஐந்து வரை எண்ணிச் சொன்னோம்.

2021இல் அவர் மறைந்தார். செடி இன்றும் அவ்விடத்திலேயே நிற்கிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் மட்டும் எங்கள் ஊர் உச்சி வெயிலில் இலையோரம் கருகுகிறது. அப்போது முற்பகல் 11 மணிக்குமேல் அவருடைய பழைய வாயில் புடவையொன்றைக் கொடியில் விரித்து அதற்கு நிழல் தருகிறோம். வெயில் தாழ்ந்ததும் மடித்து எடுத்துவிடுகிறோம்.