எழுத்துக்குச் செயலுரிமை

யூனிக்ஸ் கணிப்பொறியில் கட்டளைகளை வரிசையாக எழுதிச் சேமித்துவிட்டால் மட்டும் போதாது. அக்கோப்பின் பெயரைச் சொல்லி இயக்க முயன்றால், 'அனுமதி இல்லை' என்னும் மறுமொழியே வரும். புதிதாகப் பயிலும் மாணவர் பலர் திகைத்து நிற்கும் இடம் இது. எழுத்தில் பிழையில்லை, பொறியிலும் பழுதில்லை. பின் ஏன் இம்மறுப்பு?

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய இவ்வமைப்பில், கோப்பு ஒவ்வொன்றுக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள் உண்டு. உரைதிருத்தி புதுக்கோப்பைப் படைக்கும்போது முதலிரண்டையே கேட்டுப் பெறுகிறது. கடிதமும் கணக்கும் கவிதையும் இயங்க வேண்டியவை அல்லவே! மூன்றாவது உரிமையைச் 'சிஎச்மாட்' என்னும் கட்டளையால் எழுதியவரே வழங்குதல் வேண்டும்.

நாள்தோறும் இத்தகைய கோப்புகளை எழுதுவோர்க்கு இது சலிப்பூட்டும் சடங்கு. ஈமாக்ஸ் உரைதிருத்தியில் இதனை நிறைவேற்றவே ஒரு செயற்கூறு உள்ளது. சேமித்தபின் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் அதனை ஒருமுறை சேர்த்துவிட்டால், ஒவ்வொரு சேமிப்பின்போதும் அது கோப்பின் தொடக்கத்தை நோக்கும். அங்கே '#!' என்னும் இரு குறிகள் நின்றால் உரிமையை வழங்கும், இல்லையேல் வாளாவிருக்கும். ஏனையோர்க்கு உரிமை வேண்டாவெனப் பயனாளர் முன்னரே விலக்கியிருப்பின், அவ்விலக்கையும் மீறாது. விம் பயன்படுத்துவோரும் சேமிப்பை அடுத்து நிகழுமாறு ஓர் ஆணை எழுதி இப்பயனை எய்துகின்றனர்.

அவ்விரு குறிகள் 1980-இல் ரிச்சி புகுத்திய மரபு. கோப்பிலுள்ள கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல் எங்குள்ளது என்பது அவற்றை அடுத்து எழுதப்படும். கவிதையின் முதலடியில் எவரும் அவற்றை இடார். எனவே, 'இஃது இயங்கற்குரியது' என எழுதியவரே அறிவித்துவிட்டார் என்று கொள்வது பொருந்தும். சேமிக்கப்படும் யாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு உரிமை வழங்குமாறு ஆணை எழுதுவோரும் உளர், அது தகாது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. பிறர் எழுதிய கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தாலும் அவ்வுரிமை ஓசையின்றி வழங்கப்பட்டுவிடும். அங்கே அறிவித்தவர் வேறு. உரிமை வழங்குபவர் வேறு. இயக்கும் உரிமை இல்லாத கோப்பையும் ஷெல்லிடம் நேரே கொடுத்து இயக்கலாம் என்பது உண்மையே. இப்பூட்டு அத்துணை வலியதன்று. ஆனால், அவ்வாறு கொடுப்பவர் தாம் செய்வதை அறிந்து செய்கிறார். பிறரிடமிருந்து வந்த கோப்புகளைத் தனி அடைவில் வைத்து, அங்கு மட்டும் இத்தானியக்கம் நிகழாதவாறு அமைத்துக்கொள்வதும் இயலும். அதற்குச் சில வரிகளே வேண்டும்.